காலி

சாவியைத் திருப்பினால் மற்றதெல்லாம் வருகிறது.
ஆம்பியர் துடிக்கிறது, ஆயில் விளக்கு சிவக்கிறது,
ஹாரன் அடித்தால் மூலக்கடை மேம்பாலத்தடியில்
படுத்திருந்த நாய் எழுந்து இடம் மாறுகிறது.
டீசல் முள் மட்டும் காலியில் கிடக்கிறது.

எழுபத்தொன்பதாம் வருஷத்து லேலண்டு.
மூன்றெழுத்துப் பழைய நம்பர்.
செங்குன்றத்திலிருந்து அரிசி ஏற்றி
இன்னும் கொத்தவால்சாவடிச் சந்துக்குள் திரும்புகிறது.
விற்றுவிடச் சொன்னவர்களோடு
தனகோட்டியம்மா பேசுவதில்லை.

'எவ்ளோ போட்டாலும் காலின்றான்' என்றார்.
முள்ளைச் சொன்னாரா, ஓட்டுகிற ஏகாம்பரத்தையா?
நான் கேட்கவில்லை.

முதலில் கண்ணாடியை விரலால் தட்டினேன்.
அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்;
கூலி வாங்குகிறவன் என்பதால் இரண்டு தரம் தட்டினேன்.

மீட்டரின் பின்னால் டேங்குக் கம்பியைக் கழற்றி
துண்டு ஒயர் ஒன்றை மாட்டி
மறுமுனையை, பெயின்ட் சுரண்டிய இரும்பில் வைத்தேன்.
பழைய முள் துள்ளாது. சூடேறித்தான் எழும்.
ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.
மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுகிறவனைப் போல
கொஞ்சம் கொஞ்சமாக ஃபுல்லை நோக்கிப் போனது.
எடுத்துவிட்டேன். மேலும் வைத்தால் சுருள் கருகும்.

மீட்டருக்கு உயிர் இருக்கிறது.
சரி, டேங்க்.

ஐந்து ஸ்க்ரூ. ஒன்று வரமாட்டேன் என்றது.
மிதவையை வெளியே எடுத்துத் துடைத்து
தேங்காய் வாங்குகிறவன் மாதிரி காதோரம் ஆட்டினேன்.
உள்ளே தளும்பவில்லை. ஓட்டையில்லை.
கையை உயர்த்தினால் ஓம் இறங்கியது, தாழ்த்தினால் ஏறியது.
இதுவும் நல்ல பிள்ளை.

பாக்கி, நடுவில் இருக்கும் பன்னிரண்டடி ஒயர்.

அட்டையை விரித்து வண்டிக்கடியில் போனேன்.
ஏகாம்பரம் செல்போன் லைட் பிடித்தார்.
கிரீஸ், மணலிப் புழுதி, காய்ந்த மாட்டுச்சாணம்,
மூன்றாவது குறுக்குச் சட்டத்துக்குப் பின்னால்
ஒரு டேப் சுற்று.
சுற்றியுள்ளதெல்லாம் நாற்பது வருஷம்.
டேப் போன தீபாவளி.

பிரித்தேன்.
தானாக அறுந்த செம்பு பச்சை பூத்திருக்கும், பிசிறு நிற்கும்.
இது பளபளவென்று இருந்தது.
கட்டிங் பிளேயரின் ஒரே கடி.
இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்க்காதபடி மடித்து
தனித்தனியே டேப் போட்டிருந்தது,
வேலை தெரிந்த கை.

லைட் ஆடவில்லை.
'மூணு மாசமா பேட்டா நிக்குது' என்றார் மேலிருந்து,
மழை வருமா என்று கேட்கிற குரலில்.
பிறகு, 'டீ சொல்லட்டா?'

காலி என்று முள் சொன்னால்
டிரைவர் கை நீட்டலாம்.
முப்பது லிட்டர் கேட்டு இருபது போடலாம்.
பத்து எங்கே என்று எந்தக் கண்ணாடியும் கேட்காது.

நான் வந்தது ஒயர் பார்க்க.
முறுக்கினேன், ஈயம் வைத்தேன்,
சிவப்பு டேப் சுற்றினேன்.
கறுப்பு இருந்தது. சிவப்பைத்தான் எடுத்தேன்.

சாவி.
நாங்கள் மூவரும் முள்ளையே பார்த்தோம்.
அது அவசரப்படவில்லை.
காலைக் கடந்தது, பாதியைக் கடந்தது,
பாதிக்கு மேல் ஒரு கோட்டில் நின்றது.

தனகோட்டியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி போட்டுப் பார்த்தார்.
'அப்ப இன்னிக்கு போட வேணாம்.'
ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டார்.
'என்னாப்பா கோளாறு?'
'ஒயர் விட்டுப்போச்சும்மா. பழைய வண்டி.'

பில்லில் எழுதினேன்:
ஒயர் இரண்டு மீட்டர், ஈயம், கூலி.
போட்டது ஒரு சாண் இருக்கும்.
அவர் நூறு குறைத்துக் கொடுத்தார்,
மிச்சம் அடுத்த வாரம் என்றார்.

அடுத்த வாரம் போய் அதற்கடுத்ததும் போயிற்று.
நேற்று சிக்னலில் அந்த வண்டி நின்றது,
மூட்டைகளுக்கு மேல் நீலத் தார்ப்பாய்.
ஏகாம்பரம் இரண்டு ஹாரன் கொடுத்துக் கையாட்டினார்.
நானும் ஆட்டினேன்.
இங்கிருந்து முள் தெரியாது.
குனிந்து பார்த்தேன்,
சட்டத்துக்கடியில் சிவப்பு ஏதாவது தெரிகிறதா என்று.
பச்சை விழுந்துவிட்டது.